வால் வரும்வரை

பாயான் லெப்பாஸ். இரவு ஒன்று நாற்பது.
ஆய்வுக்கூடத்தில் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
ஊய் லெங் காலணியைக் கழற்றிவிட்டு
சுழல்நாற்காலியில் சம்மணமிட்டு
அலைவடிவத்தை விரலால் தள்ளுகிறாள்.
பச்சை, பச்சை, பச்சை,
பிறகு ஒரு சிவப்பு.

மூன்று நாளாக இதே இடம்.
பதினோரு மணிநேரம் ஒழுங்காக ஓடும்,
பிறகு ரிசீவர் வாயடைத்து நிற்கும்.
ஏனென்று கேட்டால் சொல்லாது.

ஆறு புள்ளி நான்கு நானோநொடிக்கு ஒருமுறை
அறுபத்து நான்கு பிட் வந்து விழும்.
கொஞ்சம் பொறு என்று கம்பியிடம் சொல்ல முடியாது.
கம்பிக்கு வாய் உண்டு, காது இல்லை.
வருகிற பாக்கெட் ஒவ்வொன்றும்
தான் நல்லதா கெட்டதா என்பதைத்
தன் கடைசி நான்கு பைட்டில்தான் சொல்லும்.
அதற்குள் தலை உள்ளே போய்
உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருக்கும்.

"எங்கள் மொழியும் இப்படித்தான்,
வினை வாலில் வரும்,
இல்லை என்பதும் வாலில்தான்" என்றேன்.
"பிறகு எப்படிச் சண்டை போடுவீர்கள்?"
"வாலுக்குக் காத்திருக்காமல்."
அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பாலத்தின் நடுவே,
லோகேஸ்வரி ஜொகூரிலிருந்து கூப்பிட்டாள்.
"அக்கா, உன் கல்யாணத்துக்கு நான் வர"
அவ்வளவுதான். லைன் அறுந்தது.
கடலுக்கு மேல் பஸ் போய்க்கொண்டிருந்தது.
வருவேன், வரமாட்டேன், வரலாமா
எல்லாம் அந்த ஒரு 'வர'வுக்குள்
கைகட்டி நின்றன.
நான் ஒன்றை இழுத்து வெளியே விட்டேன்.
அம்மாவுக்கு அனுப்பினேன்: வரமாட்டாளாம்.
அம்மா கிள்ளானுக்கு.
கிள்ளான் மாமா ஊருக்கே.
இரண்டு மணிநேரம் கழித்து வந்த வால்:
வரத் தாமதமாகும், காத்திரு.
அதற்குள் அவள் பெயரை
அறைப் பட்டியலில் அடித்துவிட்டிருந்தார்கள்.
அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

"கண்டுபிடித்துவிட்டேன்" என்கிறாள் ஊய் லெங்.
ஒரு பாக்கெட்டின் வால் கம்பியிலேயே உதிர்ந்திருக்கிறது.
நம் ஆள் அதற்காகக் காத்திருக்க,
அடுத்ததன் தலை வந்து முட்ட,
அதையும் உடம்பென்று விழுங்கி
அதற்கடுத்ததையும் விழுங்கி
கிடங்கு நிரம்பி
மூச்சு விட இடமில்லை.

இரண்டு சுட்டி வைத்தோம்.
ஒன்று ஓடும், எழுதும், அவசரப்படும்.
மற்றது அசையாது.
வால் வந்து, கணக்குச் சரியென்றால்
அது ஒரே எட்டில் வந்து சேர்ந்துகொள்ளும்.
தப்பென்றாலோ,
நடுவில் இன்னொரு தலை தெரிந்தாலோ
ஓடியது திரும்பி வர வேண்டும்.

"கெட்டதை அழிக்க வேண்டாமா?"
எட்டிப் பார்த்துக் கேட்டான் இரவு ஷிப்டு சைஃபுல்.
அழிக்க ஏது நேரம்?
அங்கேயே கிடக்கட்டும், படிக்க ஆளில்லாமல்.
அடுத்தது வந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும்.
எத்தனையை எறிந்தோம் என்று
எண்ணி மட்டும் வைத்தால் போதும்.
எண்ணாமல் எறிவதுதான் பொய்.

"கிடங்கைவிட நீளமாக ஒன்று வந்தால்?"
அப்போது தலையை அனுப்பித்தான் ஆக வேண்டும்.
வாலில் ஒரு கொடி கட்டி விடுவோம்:
இதை நம்பாதே.
நான் அம்மாவுக்கு அனுப்பியதில்
கொடி எதுவும் இல்லை.

காலை ஆறு ஐம்பது.
முதல் விமானம் கூரையை உரசுவதுபோல் இறங்குகிறது.
எண்ணியில்: மூன்று.
மூன்று கெட்டது வந்து, மூன்றும் போய்,
வரிசை நிற்கவில்லை.
ஊய் லெங் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள்,
அவள் கோப்பி ஓ மேல் ஆடை கட்டியிருக்கிறது.

மறுபடி சொல் என்று கேட்பது
ரிசீவரின் வேலை இல்லை.
அதை மேலடுக்கில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.
படிக்கட்டில் நின்று
அந்த எண்ணை அழுத்தினேன்.
ஏழு மணி அடித்தது எங்கோ.
தூக்கம் கலையாத குரல்.
"அக்கா, நான் உன்னை"

என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காத்திருந்தேன்.